ராத்திரியில் கூரை ஏன் 'டொக்' என்கிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐப்பசி மழையில் ஹாலுக்குத் தேக்குச் சட்டங்களைக் கட்டம் கட்டமாக அடித்து, கட்டத்துக்கு ஒரு பலகை பதித்து காஃபர் சீலிங் போட்டாராம். மாசியில் பலகைகளில் வெடிப்பு. போதாக்குறைக்கு ராத்திரியில் மேலே 'டொக்' என்று சத்தம். வாஸ்து சரியில்லை, பரிகாரம் செய்யணும் என்கிறார் மாமியார்.

பரிகாரம் வேண்டாம். சத்தம் போடுவது பலகைதான்.

கட்ட வேலைப்பாடு பழசு. ரோமின் பழைய கோயிலான பாந்தியனின் கும்மட்டத்தில் வரிசைக்கு 28 குழியாக 5 வரிசை உண்டு. அங்கே கான்கிரீட்டின் எடை குறையவும் அவை உதவின. நம் வீட்டில் அழகுக்கு மட்டும்தான். தளத்தில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம், அதில் கட்டம் போடும் சட்டம், நடுவே பலகை. சரி, பலகைக்கு வருவோம்.

வெட்டிக் காய்ந்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி பெரும்பாலும் நெடுக்காக அடுக்கியிருக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் இழைக்கும் இழைக்கும் நடுவே போய் உட்கார்ந்து இரண்டையும் தள்ளும். கட்டு பருக்குமே தவிர நீளாது! அதனால்தான் பலகை அகலத்தில் உப்பிச் சுருங்குகிறது. நீளத்தில் வரும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு: மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு.

தேக்கு சாதுவான மரம். அதுவே 30 செ.மீ. அகலப் பலகையில் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால் ஏறக்குறைய 3 மி.மீ. சுருங்கும். தை, மாசியில் மலைக்காற்று காய்ந்து கிடக்கும். ராத்திரி ஹீட்டர் போட்டால், சூடான காற்றுக்குத் தாகம் இன்னும் கூடும், பலகையிடமிருந்துதான் குடிக்கும்.

சட்டமோ நீளவாக்கில் அசையாது. பலகை சுருங்கப் பார்க்கிறது, பசையும் ஆணியும் விடமாட்டேன் என்கின்றன. இழுவிசை ஏறி ஏறி, ஒரு நொடியில் பிடி நழுவும், இல்லையென்றால் நார் பிளக்கும். அதுதான் அந்த 'டொக்'.

கதவு செய்யும் ஆசாரிகளுக்கு இது அத்துப்படி. சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துப் பலகையைப் பசையில்லாமல் சொருகி, காடிக்குள் இரண்டு மூன்று மி.மீ. காலி விடுவார்கள். நடுவில் மட்டும் ஒரு சின்ன ஆணி அடித்தால் இரு பக்கமும் சமமாகச் சுருங்கும். பலகையைச் சொருகும் முன்பே பாலிஷ் அடித்துவிட வேண்டும். நான் பொருத்திய பிறகு அடித்தேன். அடுத்த தையில் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் வெளுத்த கோடு எட்டிப்பார்த்தது.

வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் காசில் மரத்தின் ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

அப்புறம், வாசகரே, வெடிப்பில் இப்போது பட்டி பூசிவிடாதீர்கள். மழை பிடித்ததும் பலகை உப்பும், பட்டி பிதுங்கி சோபாவில் விழும்.