தொப்பைக்கும் விந்தணுவுக்கும் நடுவே தசை

குழந்தை தங்கவில்லை என்றால் பரிசோதனைகள் பெரும்பாலும் மனைவியிடமிருந்துதான் தொடங்குகின்றன. கணவனின் இடுப்புச் சுற்றளவை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கொழுப்பு வெறுமனே சேர்ந்து கிடப்பதில்லை. அதில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து, பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ராடியோலாக மாற்றுவது அதன் வேலை. ஆணுக்கும் கொஞ்சம் ஈஸ்ட்ராடியோல் தேவைதான். ஆனால் கொழுப்பு கூடக் கூட அது அளவுக்கு மிஞ்சுகிறது. உடனே மூளையில் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும், ஹார்மோன் போதுமான அளவு இருப்பதாக எடுத்துக்கொண்டு, விந்தகத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோனைக் குறைத்துவிடுகின்றன. எல்எச் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் இறங்கும். அது இறங்கினால் தசை கரைந்து கொழுப்பு மேலும் ஏறும். பருமனோடு வரும் அழற்சியும், தொடையிடுக்கில் கூடும் சூடும் விந்தணுவை வேறு வழியில் தாக்குகின்றன.

சரி, உடற்பயிற்சி இதில் எங்கே வருகிறது? கலோரி எரிவது பாதிக் கதைதான். வேலை செய்யும் தசையும் ரத்தத்தில் ஹார்மோன்களை விடுகிறது. அவற்றில் அதிகம் பேசப்படுவது ஐரிசின். 2012இல் ஹார்வர்டைச் சேர்ந்த புரூஸ் ஸ்பீகல்மேன் குழு இதை அறிவித்தது. எலிகளில் இது வெள்ளைக் கொழுப்பைப் பழுப்புக் கொழுப்பைப் போல ஆற்றலை வெப்பமாக எரிக்க வைத்தது. மனித ரத்தத்தில் இது உண்மையிலேயே சுற்றுகிறதா என்று கடும் சர்ச்சை எழுந்தது. 2015இல் ஒரு நுட்பமான அளவீடு, அது மனித ரத்தத்தில் இருப்பதை உறுதிசெய்தது.

கொழுப்பு குறைந்தால் அரோமட்டேஸ் குறையும், மூளையின் தடை தளரும். ஐரிசினின் பங்கு இந்த வழியாக இருக்கலாம். விந்தக செல்களிலேயே அது நேரடியாக வேலை செய்யக்கூடும் என்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் விலங்குகளிடம் கிடைத்தவை. அதனால் ‘ஐரிசின் விந்தணுவைக் கூட்டும்’ என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். நடையும் எடைப் பயிற்சியும் தசையை வேலை வாங்கினாலே போதும்.

மனிதர்களிடம் கிடைத்த சான்று எடைக் குறைப்பைப் பற்றியது. டென்மார்க்கில் பருமனான 56 ஆண்கள் எட்டு வாரம் குறைந்த கலோரி உணவில் இருந்து சராசரியாக 16.5 கிலோ இழந்தார்கள். விந்தணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. அப்புறம் ஓராண்டு எடையைத் திரும்ப ஏறவிடாதவர்களிடம் அந்த முன்னேற்றம் நிலைத்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி எல்எச்சை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி சில சமயம் பூஜ்யத்துக்கே இறங்கும். குழந்தை வேண்டும் என்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதன் பக்கமே போகக் கூடாது.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும். பயிற்சி தொடங்கிய இரண்டாவது வாரமே சோதித்துப் பார்த்தால் பழைய உடம்பில் உருவான விந்தணுதான் தெரியும். மூன்று மாதம் கழித்துச் சோதியுங்கள்.