சாலிட் முன் ஆக்ஸில் போடுவதற்கு முன்: ஒரு கடலூர்ப் பட்டறையிலிருந்து

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள் கூடிவிட்டார்கள். தேவனாம்பட்டினம் மணல், ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளம், பண்ருட்டி முந்திரித் தோப்பு என்று சுற்றிவிட்டு, கொஞ்ச நாளில் பட்டறைக்கு வந்து ஒன்றையே கேட்கிறார்கள்: "அண்ணே, காயலான் கடையில பழைய ஜீப் முன் ஆக்ஸில் ஒண்ணு கிடைச்சிருக்கு. நம்ம மஹிந்திரா தாருக்குப் போட்டுத் தந்துடுங்க." பழைய ஜீப்பில் வரும் முன் ஆக்ஸில் சாலிட், அதாவது இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாயில் கோத்தது. ஆக்ஸில் நல்ல கனம் என்பதைத் தவிர அதைப் பற்றிக் கேட்கிறவருக்கு வேறு எதுவும் தெரிந்திருக்காது.

மணலில் ஏதாவது உடைந்தால் வண்டி நிற்கும், இழுத்துக்கொண்டு வரலாம். அதே வண்டி சாயங்காலம் ஈசிஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குத் திரும்புகிறதே, அதுதான் என் கவலை. முன் ஆக்ஸில் என்பது ஸ்டியரிங்கும் பிரேக்கும் உட்கார்ந்திருக்கும் இடம். வலுவை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கடலூரின் டிஎன் 31 ஆனாலும் புதுச்சேரியின் பிஒய் 01 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். விபத்து என்றால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம். அதனால் டிரெய்லரில் ஏற்றிப் போகும் போட்டி வண்டிக்கு மட்டும்தான் நான் ஆக்ஸில் மாற்றித் தருகிறேன்.

அப்புறம், உங்களுக்கு அது தேவைதானா என்று பாருங்கள். சாலிட் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றது கீழே அழுந்தித் தரையைப் பிடிக்கும். ஸ்பிரிங் எவ்வளவு அழுந்தினாலும் டிஃபரன்ஷியலுக்கும் (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு) தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையாது. சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இருப்பதால் வண்டி அழுந்தும்போது அதுவும் இறங்கும். பாறையில் இந்த வித்தியாசம் பெரிது. நம் கடற்கரை மணலில் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, லோ ரேஞ்சில் (மெதுவாக, வலுவாக இழுக்கும் ஃபோர் வீல் கியர்) நிதானமாகப் போனாலே பெரும்பாலான வண்டிகள் தாண்டிவிடும். தார் ரோட்டுக்கு ஏறும் முன் காற்றை மறுபடி ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். (ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு ஏறி வரும். அந்த மாதங்களில் தயவுசெய்து மணலில் வண்டியை இறக்காதீர்கள்.)

சாலிட் ஆக்ஸில்தான் வேண்டும் என்றால், அதோடு பிறந்த வண்டியையே வாங்குவது நல்லது. பழைய மஹிந்திரா எம்எம் 540, மாருதி ஜிப்சி இரண்டிலும் அது லீஃப் ஸ்பிரிங்கோடு (பட்டை ஸ்பிரிங்) வந்தது. 2023இல் வந்த மாருதி ஜிம்னியில் காயில் ஸ்பிரிங்கோடு வரும். 2020 தாரிலும் 2021 கூர்க்காவிலும் முன்பக்கம் இன்டிபென்டன்ட்.

போட்டி வண்டிக்குப் பழைய ஆக்ஸில் தேடுகிறவர் முதலில் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) முன் ஷாஃப்ட் வெளிவரும் பக்கமே அதுவும் இருக்க வேண்டும். அடுத்தது ரேஷியோ, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் கவரைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள். பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43, அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 8 என்றால் 5.38. பின் ஆக்ஸிலில் 39க்கு 8 இருந்தால் அது 4.88. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் போட்டு ஃபோர் வீலில் ஓட்டினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். கெட்டித் தரையில் கொஞ்ச தூரத்திலேயே ஷாஃப்ட் மூட்டான கிராஸோ டிரான்ஸ்ஃபர் கேஸோ போய்விடும். அகலம், ஹப் போல்ட் இடைவெளி, பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

நான் அதிகம் பயப்படுவது காஸ்டர் கோணத்துக்கு. சைக்கிளின் முன் ஃபோர்க் மேலிருந்து கீழே முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதல்லவா, அதனால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக வருகிறது. ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் நக்கிளின் கிங் பின்னோ பால் ஜாயின்ட்டோ (அது திரும்பும் அச்சு) அதே மாதிரி, மேல் முனை பின்னால் சாய்ந்து இருக்க வேண்டும். இந்தச் சாய்வுதான் காஸ்டர். வண்டிக்கு வண்டி மாறினாலும் பெரும்பாலும் 3 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். ஸ்பிரிங்கின் முன் முனையில் ஷாக்கிள் (சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) உள்ள லீஃப் வண்டியில் நீள ஷாக்கிள் போட்டு உயர்த்தினால் ஆக்ஸில் முன்பக்கமாகச் சுழன்று இந்தக் கோணம் குறையும். வண்டி நேர்க்கோட்டில் நிற்காது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும்.

இப்படி வேறெங்கோ உயர்த்திவிட்டு வந்த வண்டிகளில் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு செருகியிருப்பார்கள். காஸ்டர் சரியாகிவிடும். ஆனால் ஆக்ஸிலே சுழல்வதால் பினியன் மூக்கு கீழே போகும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் அதிகக் கோணத்தில் ஓடித் தேயும். கொஞ்சம் உயர்த்திய வண்டிக்கு இரும்பு ஆப்பு போதும். அலுமினியம் வேண்டாம், நசுங்கி வெடிக்கும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றும் அளவு உயர்த்தினால், நக்கிள் தாங்கியின் வெல்டை வெட்டி, பினியனை அதன் கோணத்தில் விட்டு, தாங்கியை மட்டும் திருப்பி மறுபடி வெல்ட் வைப்பதுதான் முறையான வேலை. கேட் போடுகிற வெல்டரிடம் கொடுக்கிற வேலை இல்லை இது. சூட்டில் குழாய் வளையும். கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி, ஆறவிட்டு வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஹவுசிங் வார்ப்பு என்றால் அதன்மேல் சாதாரண ராடால் வைத்த வெல்ட் பிடித்த மாதிரி தெரியும், பாரம் ஏறும்போது ஓரத்தில் விட்டுவிடும்.

உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டுவது நோயை மறைக்கும் வேலை. டை ராட் எண்ட், கிங் பின் பேரிங், காயில் வண்டியானால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் புஷ், டயர் பேலன்ஸ் எல்லாம் பார்த்த பிறகுதான் அது. பான்ஹார்டு ராடும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

வண்டியை வெளியே விடும் முன் சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸிலை முழுசாகத் தொங்கவிடுவேன். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒருவர் திருப்ப, டார்ச்சோடு கீழே படுத்து பிரேக் ஹோஸைப் பார்ப்பேன். கம்பிபோல விறைத்து நின்றால் ஹோஸ் நீளம் போதாது. ஸ்பிரிங் பட்டையிலோ டயரிலோ உரசிய கறுப்புத் தடம் தெரிந்தால் கிளாம்ப் இடம் மாற வேண்டும். முடிந்தால் உங்கள் வண்டிக்கு இதை நேரில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயரின் கணக்கும் உண்டு. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் சுமார் 693 மில்லிமீட்டர் உயரம். 31 அங்குல டயர் 787. மீட்டரில் 80 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 91இல் ஓடும். ரேஷியோ எண் குறைந்த மாதிரி ஆகி இழுவையும் குறையும், பிரேக்குக்கு வேலையும் கூடும்.

கடைசியாக உப்புத் தண்ணீர். கெடிலமோ பெண்ணையாறோ கடலில் சேரும் இடத்தில் வண்டியை இறக்குகிறவர்கள் ஆக்ஸிலின் பிரீதரை (உள்ளே காற்று போய்வரும் துளை) மறந்துவிடுகிறார்கள். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். பிரீதரில் ஒரு குழாய் மாட்டி பானட்டுக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள். மறுநாள் காலை டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஆயில் வெளுத்து, நுரைத்து வந்தால் வண்டியை எடுக்காமல் அன்றே மாற்றிவிடுங்கள். நக்கிளுக்குள் இருக்கும் கிரீஸையும் சேர்த்துத்தான்.