கரும்பைக் காப்பாத்த வந்த தேரை

ஒரு ஜீவனை அது பொறந்த இடத்துல இருந்து தூக்கி வேற எங்கயோ விட்டா பெரும்பாலும் செத்துத்தான் போகும். ஏதோ ஒண்ணு ரெண்டு தான் தாக்குப்பிடிக்கும், ஆனா அந்த ஒண்ணு ரெண்டே போதும்.

1935ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் கரும்பை வண்டு நாசம் பண்ணுதுன்னு ஹவாய்ல இருந்து சுமார் 100 தேரையைக் கொண்டாந்தாங்க. கூத்து என்னன்னா வண்டு இருக்கறது கரும்போட உச்சியில, அதோட புழு மண்ணுக்குள்ள வேரைக் கடிச்சுக்கிட்டு இருக்கு, தேரையோ நடுவுல தரையில உக்காந்திருக்கு, அதுக்கு மேலயும் எட்டல கீழயும் எட்டல. அப்புறம் என்ன, கண்ணுல பட்ட மத்த பூச்சியெல்லாம் தின்னு பெருகிருச்சு, ஒரே தடவையில ஆயிரக்கணக்குல முட்டை போடுற ஜாதி வேற.

அதோட சொந்த ஊரான தென் அமெரிக்காவுல அதைத் தின்னப் பழகினது, அதுக்கு நோய் குடுக்கறதுன்னு ஏகப்பட்ட எதிரி உண்டு, அதுல முக்கால்வாசி கப்பல்ல கூட வரல. இது பாதிக் கதை தான். மீதிப் பாதி உள்ளூர் மிருகங்களோட அனுபவமின்மை. ஆஸ்திரேலியாவுல தேரைன்னு ஒண்ணு அதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல, அதனால ஏதோ தவளைன்னு நெனச்சு உடும்பு, பாம்பு, முதலை எல்லாம் கவ்வுச்சுங்க, தேரைக்குக் கண்ணுக்குப் பின்னாடி இருக்கற சுரப்பியில விஷம், கவ்வினது காலி. பசிபிக் கடல்ல இருக்கற குவாம் தீவுலயும் இதே கதை தான், இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கொஞ்ச காலத்துல ஒரு மரப்பாம்பு சரக்கோட சரக்கா வந்து எறங்குச்சு, பாம்புக்குப் பயப்படவே தெரியாத பறவைங்க, 12 காட்டுப் பறவை இனத்துல 10 இனம் அந்தக் காட்டை விட்டே போச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. தேரைப் படையோட முன்வரிசையில இருக்கறதுங்களுக்குக் கால் நீளம். வேகமா போறது மட்டும் தானே முன்னாடி போய்ச் சேரும், அங்க அதுக்கு ஜோடியும் இன்னொரு வேகமான தேரை தான், குட்டியும் அப்படியே பொறக்கும், இப்படியே ஆரம்பத்துல வருஷத்துக்கு 10 கிலோமீட்டர் பரவினது பிற்பாடு 50ஐத் தாண்டிருச்சு.

ஆஸ்திரேலியாவோட உள்ளூர் ஜீவன்களும் சும்மா இல்ல. உடும்பு குறைஞ்ச சில இடத்துல அது தின்னுக்கிட்டு இருந்த சின்னப் பல்லிங்களுக்கு யோகம் அடிச்சுது. காக்கா இன்னும் கில்லாடி, விஷம் முதுகுப்பக்கம் தான்னு கண்டுபிடிச்சு, தேரையைக் காலைப் பிடிச்சுப் புரட்டிப்போட்டு வயித்துப்பக்கமா கொத்தித் தின்னுட்டுப் போகுது.