பி.டி. பீரியடும் பந்து வாங்கும் பணமும்: பெற்றோர் கேட்டுப் பெற வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினரான பிறகு, ஒரு கூட்டத்தில் விளையாட்டுச் சாமான் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னேன். சாவி கிடைக்கவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே காற்று இறங்கிய இரண்டு வாலிபால், ஒரு கேரம் போர்டு, கவரைக்கூடப் பிரிக்காத ஸ்கிப்பிங் கயிறுகள் ஒரு டஜன். "பிள்ளைங்ககிட்ட கொடுத்தா தொலைச்சிடுவாங்க சார்" என்றார் தலைமை ஆசிரியர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பந்து காணாமல் போனால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பந்து பூட்டிக் கிடந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நாம் கேட்காததால்தான் அது பூட்டிக் கிடக்கிறது.

கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை வரும். ஒரு பள்ளியில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. அதில் கழிப்பறை, குடிநீரோடு விளையாட்டு மைதானமும் உண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் தரப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. தனியார் பள்ளி அங்கீகாரம் பெறுவதற்கும் இதே அட்டவணைதான் அளவுகோல். எனவே மைதானமே இல்லாத பள்ளியில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுபவர்களும் இதைக் கேட்கலாம்.

ஆசிரியர் விஷயத்தில் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. 6 முதல் 8-ம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. நூறோடு நின்றுவிட்டால் அந்த உரிமை இல்லை. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கோ பேச்சே இல்லை. ஓடியாடும் வயசு என்னவோ அதுதான்! தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், கணினி, உடற்கல்வி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், சம்பளம் 5,000 ரூபாய். பிறகு படிப்படியாக ஏறி 2024-ல் 12,500 ஆனது. உங்கள் பள்ளி பி.டி. சார் வெள்ளிக்கிழமை வரவில்லை என்றால், அது அவருடைய வேலை நாளாகவே இல்லாமல் இருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

சரி, பணம்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டு மானியம் என்று தனியாக ஒரு தலைப்பு உண்டு. ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை. பெரிய தொகை இல்லை. நல்ல வலையும் நாலைந்து பந்தும் வாங்கினாலே பாதி காலி. எல்லா ஆண்டும் ஒழுங்காக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2024-25-ல் மத்திய, மாநில அரசுகளின் இழுபறியில் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது நினைவிருக்கும்.

பணம் வந்ததா, எதற்குச் செலவானது என்று பார்ப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. சட்டத்தின் 21-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்தில் வாயால் கேட்டால் டீயோடு கரைந்துவிடும். "விளையாட்டு மானிய வரவு செலவு வாசிக்கப்பட்டது" என்று தீர்மான நோட்டில் ஒரு வரி ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே "உபகரணங்கள் தேய்வதும் உடைவதும் இயல்பு என்று குழு ஏற்கிறது" என்றும் எழுதுங்கள். எங்கள் பள்ளியில் பீரோ திறந்தது இந்த இரண்டாவது வரியால்தான். தலைமை ஆசிரியருக்கு அது ஒரு பிடிமானம்.

பீரியடைக் கடன் வாங்கும் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே. அரையாண்டு நெருங்கினால் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வந்து நிற்பார். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2018 முதல் 9 முதல் 12-ம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்விக்குக் கட்டாயம். உங்கள் பிள்ளையின் கால அட்டவணையை வாங்கி எண்ணிப் பாருங்கள். அட்டவணையில் இருப்பதற்கும் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிடும்.

பிள்ளை கொஞ்சம் நன்றாக ஓடுகிறது, அடுத்து என்ன? பள்ளிப் போட்டிகள் குறுவட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த சிறு வட்டாரம்) தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறும். தடகளம் குடியரசு தினப் போட்டி, குழு விளையாட்டுகள் பாரதியார் தினப் போட்டி. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பார்கள். பெயர் கொடுப்பது பள்ளி வழியாகத்தான். பி.டி. ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நழுவிவிடுகிறார்கள். யாராவது ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

சான்றிதழை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். குறுவட்டக் கோப்பை வீட்டு ஷோகேஸுக்கு அழகு, அவ்வளவுதான். மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பள்ளி அளவில் எடுபடுவது, மாநில அணிக்காகத் தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியதற்கான நாலாம் படிவம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் என்று ஒதுக்கீடுகள் உண்டு. சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருந்தால் பின்னாளில் அலைச்சல். கையில் வாங்கும் அன்றே பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள்.

அப்புறம் விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் இலவசம். விண்ணப்பம் இணையத்தில், தேர்வுப் போட்டி பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில். பத்தாம் வகுப்பில் சேர்க்கை இல்லை என்பதால் ஒன்பதில் கோட்டைவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். விவரம் கேட்க மாவட்ட விளையாட்டரங்கில் இருக்கும் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பாருங்கள். கிராமமாக இருந்தால், 2024-ல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊரில் யார் கையில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அதுவும் ஒரு பீரோவுக்குள் இருக்கலாம்.

தனியார் அகாடமி பக்கம் வந்தால் சட்டமும் அட்டவணையும் உதவாது. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் இன்று ஒரு டர்ஃப்பை (செயற்கைப் புல் மைதானம்) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, விசில் மாட்டிக்கொண்டு, 'கோச்' என்று பேனர் கட்ட ஒருவருக்குப் பட்டம் தேவையில்லை. பாட்டியாலா என்.ஐ.எஸ். (பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம்) என்று பேனரில் இருந்தால், ஒரு வருட டிப்ளமாவா, ஆறு வாரச் சான்றிதழா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே எழுத்தில்தான் அச்சடிப்பார்கள். முதலுதவிப் பெட்டி எங்கே, பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற இடம் எங்கே, வெளியூர்ப் போட்டிக்குக் கூடப் போகும் பெண் யார் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பயிற்சியாளர் ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தால் அது போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி வழக்கு. தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். "டீம்ல எடுக்க மாட்டாங்க" என்று பிள்ளை பயந்து சொல்லாமல் இருக்கும். பயிற்சிக்குப் போகவே மாட்டேன் என்று ஒருநாள் அடம்பிடித்தால், திட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் இருக்கிறது.