புத்தாண்டு விடியலில் கடந்துபோகும் அபோபிஸ்

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. மறுநாள், கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் சனங்கள் காணாமற்போனவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, வானியலாளர்களின் கணக்கில் ஓர் எண் உச்சத்துக்கு ஏறியது: 2.7 சதவீதம். அந்த ஆண்டு ஜூன் மாதம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள், 2029 ஏப்ரல் 13 இல் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு அது. வேறொரு கிழமையாக இருந்திருந்தால் உலகம் முழுக்க அதுதான் பேச்சாக இருந்திருக்கும். திருகோணமலையில் அதைக் காதில் போட்டுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

அந்தப் பாறைக்குப் பிறகு வைத்த பெயர் அபோபிஸ். குறுக்களவு ஏறக்குறைய 340 மீற்றர். அது மோதாது என்பது இப்போது உறுதி. அதே டிசம்பர் 27 அன்றே, மார்ச் மாதத்தில் எடுத்து யாரும் கவனிக்காமல் விட்டிருந்த பழைய படங்களில் அபோபிஸ் அகப்பட்டது. அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டதும் 2029 ஆபத்து இல்லாமற் போனது.

ஆபத்து ஏறி ஏறி ஒரே நாளில் விழுந்தால் 'இவர்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லத்தான் தோன்றும். உண்மையில் கணக்கு ஒழுங்காக நடந்தால் அப்படித்தான் நடக்கும். பாறை எங்கே போகும் என்பதில் அதற்குச் சந்தேகமில்லை. சந்தேகம் முழுக்க நம்முடையது. சில இரவுகளே பார்த்த ஒரு மங்கற்புள்ளியை வைத்து 25 ஆண்டுகளுக்குப் பிந்திய இடத்தைச் சொல்லப் போனால், ஒரு புள்ளி கிடைக்காது. பல இலட்சம் கிலோமீற்றர் நீளும் ஒரு பட்டைதான் கிடைக்கும். பாறை அதற்குள் எங்கேயும் இருக்கலாம். அந்தப் பட்டையில் பூமி அடைக்கும் பங்குதான் மோதும் வாய்ப்பு. புதிய அவதானிப்புகள் வர வரப் பட்டை குறுகும். பூமி இன்னும் அதற்குள் இருக்கும்வரை அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டிய கணத்தில் வாய்ப்பு பூச்சியம். 2025 பெப்ரவரியில் 2024 வைஆர்4 என்ற இன்னொரு சிறுகோளுக்கும் இதுவே நடந்தது: 3.1 சதவீதம்வரை ஏறி, சில நாட்களிலேயே சடசடவென்று இறங்கியது.

சரி, 2029 தப்பிவிட்டது. அப்புறம்? உண்மையான தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அபோபிஸ் நம் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் உயரத்தில் கடக்கும். வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ்கள் குறிபார்க்கும் செய்மதிகளே கிட்டத்தட்ட 35,800 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு கிட்ட வரும் பாறையைப் பூமியின் ஈர்ப்பு வளைத்துவிடும். பூமியிலிருந்து பார்த்தால் அது வந்த வேகத்திலேயே விலகிப் போகும்; மாறுவது திசை மட்டும். ஆனால் பூமியே சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் பக்கமாகப் பாறையின் திசை திரும்புவதால், சூரியனை வைத்துப் பார்க்கையில் அதன் வேகம் கூடிவிடுகிறது. வேகம் கூடினால் பாதையும் பெரிதாகும். இப்போது சுமார் 324 நாளில் சூரியனை ஒருமுறை சுற்றும் அபோபிஸ், அன்றிரவுக்குப் பிறகு சுற்ற ஏறக்குறைய 420 நாள் எடுக்கும். விண்கலங்களைத் தூரக் கோள்களுக்கு அனுப்பவும் இதே வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வளைவு இவ்வளவு கடுமையானது என்பதால், கடக்கும் இடத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் பின்னாளில் அது பெரிதாகிவிடும். 2029 இல் சுமார் 600 மீற்றர் அகலமான ஒரு சின்ன இடுக்கு வழியாகப் போனால் 2036 இல் திரும்பி வந்து மோதும் என்று கணக்கு சொன்னது. வானியலாளர்கள் இதைச் 'சாவித்துவாரம்' என்பார்கள். அதனால்தான் நூறு மீற்றர்களுக்காகத் தலையை உடைத்துக்கொண்டார்கள். வெயிலும் கணக்கில் வரும். சூடேறிய பக்கம் பாறை சுழலும்போது திரும்பி வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த மெல்லிய உதைப்பே அபோபிஸின் பாதையை ஆண்டுக்குச் சுமார் 170 மீற்றர் சூரியன் பக்கமாக நகர்த்துகிறது.

2013 இல் அந்த 2036 ஆபத்தும் நீங்கியது. 2021 மார்ச்சில், 1.7 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த பாறையில் ராடார் அலைகளை மோதவைத்து, அதன் தூரத்தை 150 மீற்றர் துல்லியத்தில் அளந்தார்கள். அதன் பிறகு, இன்னும் நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று நாசா அறிவித்தது.

இலங்கை நேரப்படி அது மிக நெருங்குவது 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16. அன்று சித்திரைப் புத்தாண்டு. வருடப்பிறப்பு நேரத்தில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒத்துப்போவது அருமை. இந்த நேரத்தில் மட்டும் சண்டைக்கு இடமில்லை.

ஆனால் 3.16 மணிக்கு அபோபிஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே நிற்கும். நமக்கு அடிவானத்துக்குக் கீழே. நாங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்திய மணித்தியாலங்களில், அது இந்து சமுத்திரத்தைக் கடக்கும்போது. தெற்கு வானில் தெரிந்து, இரவு முதிர முதிர மேற்கே இறங்கும். அந்த நேரத்தில் உச்சப் பிரகாசம் வந்திராது. ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. நட்சத்திரங்களுக்கிடையே அது இடம் மாறுவது சில நிமிடங்களிலேயே தெரியும். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலாவின் தொல்லையும் இல்லை. உப்புவெளிக் கடற்கரைக்கு ஓடவேண்டாம். அங்கே ஹோட்டல் வெளிச்சம், கடலும் கிழக்கே. தெற்கும் மேற்கும் திறந்து கிடக்கும் தம்பலகாமத்து வயல்வெளிப் பக்கம் போவதுதான் புத்தி.