மெதுவாகப் பறந்ததால் பிழைத்தவர்கள்

நான்குவழிச் சாலையில் விரட்டிக்கொண்டு போகும் ஒரு கார், போ-2 விமானத்தை முந்திவிடும். அதன் உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீட்டர்தான். மரச் சட்டம், மேலே போர்த்திய துணி, இரண்டடுக்கு இறக்கை, கூரையில்லாத இரண்டு இருக்கைகள். 1920களில் நிக்கொலாய் பொலிகார்பொவ் இதை வடிவமைத்தது பயிற்சிக்காக. வயலுக்கு மருந்து தெளிக்கவும் ஓட்டினார்கள். இதில் குண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, 1942 ஜூன் முதல் இரண்டாம் உலகப் போர் முடியும்வரை 20,000 தடவைக்கு மேல் ஜெர்மன் படைகளைத் தாக்கியது சோவியத்தின் 588-வது இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு. விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு மாட்டுபவர் எல்லோருமே பெண்கள். பலருக்கு அப்போதுதான் இருபது வயது.

இதற்கு வித்திட்டவர் மரீனா ரஸ்கோவா. 1938-இல் நெடுந்தூரப் பறப்புச் சாதனை செய்து நாடறிந்தவரான அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், 1941 அக்டோபரில் மூன்று பெண்கள் படைப்பிரிவுகளுக்கு உத்தரவு பிறந்தது. அவற்றில் 588-க்குக் கிடைத்தது இந்த வண்டி. தளபதி யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா.

சரி, இவ்வளவு மெதுவான விமானத்தை ஜெர்மானியர்களின் மெசர்ஷ்மிட் 109 போர்விமானம் ஏன் சுலபமாகச் சுட்டுத்தள்ளவில்லை?

ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் கையை லேசாகச் சாய்த்து நீட்டினால் காற்று அதை மேலே தூக்கும். வேகம் கூடினால் தூக்கலும் கூடும். இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தூக்கல். கையின் இடத்தில் பெரிய முறம் இருந்தால், பஸ் ஊர்ந்தாலே போதும். போ-2 குண்டுகளோடு சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்று மேல். இறக்கைப் பரப்போ சுமார் 33 சதுர மீட்டர். மெசர்ஷ்மிட் மூன்று டன்னைத் தாண்டும். இறக்கை 16 சதுர மீட்டர்தான். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். அதனால் விழாமல் மிதக்கவே அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் தேவை. போ-2 முழு மூச்சில் பறக்கும் வேகத்துக்கு இறங்கினால், மெசர்ஷ்மிட் கிட்டத்தட்ட கீழே விழும் நிலைக்கு வந்துவிடும்.

திரும்புவதிலும் இதே கதை. ஒரே அளவு சாய்ந்து திரும்பினால், வட்டத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து விரியும். 45 பாகை சாய்வில், மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் விமானத்துக்கு 80 மீட்டர் ஆரம் போதும். 300-இல் போவதற்கு 700 மீட்டர் வேண்டும். சந்துக்குள் சைக்கிள் வளைந்து நுழைந்துவிடும், லாரி முக்கில் நின்று முழிக்கும் அல்லவா, அப்படித்தான்.

அடுத்தது சத்தம். இலக்கை நெருங்கியதும் எஞ்சினை அடக்கிவிட்டு, உயரத்தைச் செலவழித்துச் சறுக்கிக்கொண்டே வருவார்கள். கீழே கேட்பது, இறக்கைகளை இழுத்துக் கட்டிய கம்பிகளில் காற்று உரசும் ஓசை மட்டும். துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரிகள் நினைவுக்கு வந்ததால் ஜெர்மானியர்கள் ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்றார்கள். சில சமயம் முதல் விமானம் வேண்டுமென்றே சத்தம் போட்டுத் தேடுவிளக்குகளைத் தன் பக்கம் இழுக்கும். பின்னால் வருவது இருட்டில் சறுக்கும்.

என்னைக் கேட்டால், பெயரில் இருக்கும் கவர்ச்சியைவிட தரையில் நடந்த வேலைதான் பெரிய விஷயம். ஒரு விமானம் சுமப்பது 200, 300 கிலோ குண்டுதான். அப்படியானால் ஒரே இரவில் பல நடை போக வேண்டும். பெர்ஷான்ஸ்கயாவின் படையில் ஒரு விமானத்துக்கு ஒரு மெக்கானிக் என்ற வழக்கத்தை மாற்றி, வந்து இறங்கும் எந்த விமானமானாலும் ஒரு குழு பெட்ரோல் ஊற்ற, இன்னொரு குழு குண்டு மாட்ட என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சில நிமிடங்களில் மறுபடி புறப்பாடு. பனிக்காலத்தில் கையுறையோடு குண்டுக்குத் திரி மாட்ட வராது; வெறும் கையால்தான் செய்தார்கள். நீண்ட இரவுகளில் ஒரே ஆள் பத்து நடை, அதற்கு மேலும் போனதுண்டு. இரீனா செப்ரோவாவின் கணக்கு மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது.

ஆனால் எல்லாம் எதிரி ஒரே மாதிரி நடந்துகொள்ளும்வரைதான். 1943 ஜூலை 31 இரவு, தெற்கு ரஷ்யாவின் கூபான் பகுதியில் தேடுவிளக்குகள் வழக்கம்போல எரிந்தன. பீரங்கிகள் மட்டும் சுடவில்லை. அந்த அமைதிக்குக் காரணம் உடனே புரியவில்லை. வானத்தில் ஜெர்மன் இரவுப் போர்விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. தன் ஆள்மேல் குண்டு பட்டுவிடக் கூடாதே என்றுதான் கீழே வாயை மூடிக்கொண்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் துணி விமானம் வெள்ளையாகத் தெரியும். சுட்டால் தீக்குச்சி மாதிரிப் பற்றிக்கொள்ளும். அன்று நான்கு விமானங்கள் திரும்பவில்லை. எட்டுப் பெண்கள் இறந்தார்கள். யாரிடமும் பாராசூட் இல்லை. அந்த எடைக்குக் குண்டு ஏற்றலாம் என்ற கணக்கு 1944 வரை நீடித்தது.