டிதரிங்குக்குத் தமிழ் ‘சிதறல்’ இல்லை

சிறு சதுரக் கட்டங்களை நிரப்பி வரையும் கணினிப் படமான பிக்சல் ஓவியம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர், டிதரிங் (dithering) என்ற நிழலிடும் உத்தி வரும் இடத்தில் ‘சிதறல்’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். விசைத்தறி வரையக் கற்கும் பையன், ‘பக்கச் சட்டத்துக்குச் சிதறல் நிழல் கொடுக்கவும்’ என்று படித்தால் என்ன செய்வான்? புள்ளிகளை அள்ளித் தூவுவான். வார்ப்பிரும்புக்குச் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். குற்றம் பையனுடையது அல்ல, சொல்லுடையது.

டிதர் என்றால் ஆங்கிலத்தில் முதலில் நடுங்குவது. மனம் ஊசலாடுவது என்ற பொருள் பின்னால் ஒட்டியது. ஹைட்ராலிக் வால்வு சிக்கிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் சிறு அதிர்வுக்கும் அதே பெயர்தான்; அங்கே ‘நடுக்கம்’ சரி. படங்களில் டோன்களை, அதாவது நிறத்தின் வெளிச்சப் படிகளை, குறைக்கும்போது வேண்டுமென்றே இரைச்சல் சேர்க்கும் முறையை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-இல் எழுதினார். பிக்சல் ஓவியத்தில் பொருள் இன்னும் சுருங்கிவிட்டது: இருக்கிற இரண்டு நிறங்களைக் கட்டம் மாற்றிக் கட்டம் வைத்து, இல்லாத மூன்றாவதைக் கண்ணுக்குக் காட்டுவது.

சிதறல்காரர்கள், கணினியே கணக்கிட்டு டிதரிங் செய்யும் ஃபிளாய்டு–ஸ்டைன்பர்க் முறையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1976-இல் வெளியான அந்த முறையில் பக்கத்துக் கட்டங்களுக்குப் போவது நிறம் அல்ல, கணக்கில் மிஞ்சிய பிழை, அதாவது வேண்டிய நிறத்துக்கும் வைத்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் வலப்பக்கத்துக்கு 16-இல் 7 பங்கு, நேர் கீழே 5, கீழ் இடம் 3, கீழ் வலம் 1 என்று அளந்து போகிறது. அளந்து பங்கு வைப்பதற்குப் பெயர் சிதறலா? மேலும் ஒளிச்சிதறல் பள்ளிப் பாடத்தில் என்றைக்கோ குடியேறிவிட்ட சொல். சொரசொரப்பான இரும்பில் ஒளி சிதறுவதையும் அதை வரையும் உத்தியையும் ஒரே சொல்லால் சொன்னால், எது பொருள், எது வேலை என்று வாசகன் எப்படிப் பிரிப்பான்? ‘தயக்கம்’ என்று மொழிபெயர்த்தவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பின்னால் ஒட்டிய பொருளை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சொல் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்துத் தறிக் கூடங்களில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறம் என்று சாதா நெசவில் ஓட்டினால் துணியில் விழுவது சதுரங்கக் கட்டம்தான். தள்ளி நின்று பார்த்தால் மூன்றாவது நிறம். தெலுங்கில் படுகு, பேக என்றாலும் விஷயம் அதே. ஆகவே ‘ஊடுநிறம்’. ஊடுநிறம் என்று கேட்டவன் தூவ மாட்டான், ஒன்று விட்டு ஒன்று கோப்பான். பாதிக்குப் பாதி சதுரங்கம். நாலில் ஒன்று வேண்டுமானால், ஒரு வரிசையில் ஒன்று விட்டு ஒன்று, அடுத்த வரிசை முழுக்க வெறுமை. அப்படியில்லாமல் ஒவ்வொரு வரிசையிலும் நாலுக்கு ஒன்று வைத்து, வரிசைக்கு ஒரு கட்டம் நகர்த்தினால் ட்வில் துணிபோலச் சாய்கோடு தெரியும்; இயந்திரத்தின் தட்டையான பரப்பில் அது கீறலாகவே படும்.

எங்கே போடுவது என்பதுதான் பாதி வித்தை. தறியின் வார்ப்புச் சட்டம், மோட்டார் உடல், பெயிண்ட் மங்கிய தகடு போன்ற மந்தமான பரப்புகளுக்குப் பொருந்தும். இரண்டு டோன் சேரும் இடத்தில் இரண்டு மூன்று கட்ட அகலம் போதும். வெளிச்சத்தில் நெருங்கிய டோன்களாக எடுக்க வேண்டும், இடைவெளி கூடினால் கலக்காமல் கட்டம் கட்டமாகவே நிற்கும். மெருகேறிய கிராங்க் ஷாஃப்ட்டில் போடவே கூடாது, துருப் பிடித்ததாகத் தெரியும். ஷாஃப்ட் ஐந்து கட்ட உயரம் என்றால் மேலிருந்து நடுச்சாம்பல், வெள்ளை, நடுச்சாம்பல், கருமை, அடியில் எதிரொளிக்கு ஒரு மங்கல் சாம்பல். எல்லாம் வெட்டு வெட்டாக. பற்சக்கரத்தின் பல் ஓரத்திலும் வேண்டாம், பல்லே ஒன்றுவிட்டு ஒன்றாக இருப்பதால் இரண்டும் குழம்பும். எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு கட்டமாவது வெறும் நிறமாக விட வேண்டும். இல்லாவிட்டால் ஊடுநிறத்தின் கரும்புள்ளிகள் கோட்டோடு சேர்ந்து, நேர்கோடு ரம்பமாகிவிடும்.

நாலு டோன் மட்டுமே இருந்த பழைய கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் இந்த உத்திக்கு வேலை நிறைய. 16 நிறம் கையில் இருக்க, 32×32 படத்துக்குள் இதைத் திணிப்பது வீண். நடுவில் ஒரு டோன் சேர்த்தால் முடிந்தது.

ஆன்டி-ஏலியாசிங்கை ‘மாற்றுப்பெயர் எதிர்ப்பு’ ஆக்குகிறவர்களும் இதே கூட்டம்தான். ஓர் அலைவெண் இன்னொன்றின் வேடத்தில் வருவதால் ஏலியாஸ் என்றார்கள், உண்மை. ஆனால் வரைபவன் செய்வது கோட்டின் படிப் பல்லை இடைநிறத்தால் மழுக்குவது. ‘பல் மழுக்கல்’ என்றால் போயிற்று. வேலையைப் பார்க்காமல் அகராதியைப் பார்த்தால் இப்படித்தான் பெயர் பிறக்கும்.

ஊடுநிறம் பிடிக்காதவர்கள் டிதரிங் என்றே எழுதட்டும், கெடுதல் இல்லை. எந்தப் பெயரில் போட்டாலும் பிஎன்ஜியாகச் சேமித்து, 2, 3, 4 என்று முழு மடங்கில், கட்டத்தை மழுப்பாத முறையில் பெரிதாக்க வேண்டும். ஜேபெக்கில் சேமித்தால் கட்டத்துக்குக் கட்டம் இருந்த கூர்மை போய்ச் சட்டம் முழுக்க அழுக்கு படியும்.